ஒன்றரைச் சுற்று

நேசையனுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது, வெற்றிலை கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகத் தவறியதில்லை. மனிதன் என்றால் ஏதாவது ஒன்று வேண்டாமா என்று ஆண்டவர் யோசித்திருப்பார் போலும். பொறாமையை மட்டும் இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுப் பலாமரம் காய்த்தால் இவருக்கு வயிறு எரியும். இவருக்குப் பலாப்பழம் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

"ஒங்களுக்க வயித்துல ஒரு அடுப்பு கெடக்கு. அதுல ரெண்டு பானை வச்சா நமக்கு கேஸ் சிலிண்டரே வேண்டாம்" என்பாள் அவர் மனைவி தாசம்மாள். முப்பது வருஷமாக உடன் இருந்து சூடு பட்டவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பாறசாலைக்குத் தெற்கே அவர் ஊர். இருபத்தாறு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்து, கைமனத்தில் ஒரு வாடகை வீடு, கரமனைப் பாலத்துக்கு இந்தப்புறம் ஒரு தகரக் கொட்டகை என்று ஊன்றிக்கொண்டவர். இப்போது ஐம்பத்திரண்டு. காரின் அடிப்பாகம்தான் தொழில். எஞ்சினைத் தொடமாட்டார். ஏசி வேலை என்று வந்தால் விரட்டிவிடுவார். தரையிலிருந்து கார் எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும், குழியில் விழுந்தால் எப்படி எழவேண்டும், அது மட்டுமே அவர் இலாகா.

காயிலோவர் என்று ஒரு சாமான் உண்டு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே உடம்பாய்ச் சேர்ந்தது. உடம்பு முழுக்க மரை வெட்டியிருக்கும். மரையில் வளையங்கள் இருக்கும். கொக்கி வைத்த ஸ்பேனர் ஒன்றால் அடி வளையத்தைத் தளர்த்திவிட்டு உடம்பைச் சுற்றினால் கார் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். வேண்டிய உயரம் வந்ததும் அந்த வளையத்தை மறுபடி இறுக்கிவிட வேண்டும். அதற்குப் பெயர் லாக் ரிங். அதை இறுக்கினால்தான் வேலை முடிந்தது. இறுக்காமல் விட்டால் ஓட ஓட மரைக்கு மரை மோதித் தேயும். மரை வழித்துக்கொண்டு போனால் சக்கரம் யார் பேச்சையும் கேட்காது.

இந்தச் சாமான் போட்டவர்களுக்கு திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரண்டு தடவை நேசையனைப் பார்க்காமல் முடியாது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடிப்பதற்கு முன் வண்டியை ஒன்றரை அங்குலம் ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் தம்பானூர்த் தண்ணீரில் கார் படகாகிவிடும். ஓணத்துக்கு முன்னால் மறுபடி இறக்கவேண்டும். இல்லாவிட்டால் காசைக் கொட்டி வாங்கியதைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது எப்படி? ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் முன்னால் நேசையன் மரையைக் கழுவுவார். கடற்காற்றும் மழைச் சேறும் ஆறு மாதத்தில் வளையத்தைக் கல்லாக்கிவிடும். உளி வைத்துச் சுத்தியலால் அடித்துத் திறக்கிற ஆட்கள் உண்டு. நேசையன் பழைய பல்துலக்கும் பிரஷும் டீசலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாகத் தேய்ப்பார். பெற்ற பிள்ளைக்கு அவ்வளவு பொறுமையாகத் தலை சீவிவிட்டதில்லை என்று தாசம்மாள் சொல்வாள்.

அவருடைய இன்னொரு முறையைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். உயரம் அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் அரிசி மூட்டை வைப்பார். வண்டிக்காரரின் எடை எவ்வளவோ அவ்வளவு அரிசி, சாலைக் கடைத்தெருவிலிருந்து வரவழைத்தது. ஆள் இல்லாமல் அளந்த உயரம் ஆள் ஏறினால் பொய்யாகும் என்பது அவர் கட்சி. அதனால் யார் எத்தனை கிலோ ஏறியிருக்கிறார்கள் என்பது அவரவர் வீட்டாருக்குத் தெரியும் முன்னே நேசையனுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கிள்ளிப்பாலத்தில் ஸ்ரீஜித் கடை திறந்தான்.

ஸ்ரீஜித்துக்கு நாற்பது வயது. நெடுமங்காட்டுக்காரன். கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கடைத் தரை கண்ணாடி மாதிரி. நாலு சக்கரத்துக்கும் நாலு எடைமேடை. வண்டியை ஏற்றி நிறுத்தினால் எந்தச் சக்கரத்தில் எத்தனை கிலோ என்று திரையில் எழுத்து விழும். செய்கிற வேலையைப் படம் பிடித்துப் போனில் போடுவான். ஆயிரக்கணக்கில் ஆட்கள் பார்ப்பார்கள். நேசையன் அந்தப் படங்களைப் பார்ப்பதே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகைக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தார்.

குறை கிடைத்தால் மனசு ஆறியிருக்கும். கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு அவன் மரியாதைக்காரன். சாலையில் எங்கே கண்டாலும் பைக்கை நிறுத்தி, "நேசையண்ணா, சுகம் தன்னே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். ஒரு சண்டைக்காவது இடம் கொடுக்காதவனை என்ன செய்வது? நேசையனுக்கு அது இன்னும் எரிந்தது.

வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். நேசையன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனந்தகிருஷ்ணன் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கரமனை அக்கிரகாரத்துத் தெருவில் வீடு, டெக்னோபார்க்கில் வேலை, ஒன்பது வருஷத்து வாடிக்கை. அந்தச் சிவப்புக் காருக்குக் காயிலோவர் வாங்கியபோது பெட்டியைப் பிரித்ததே நேசையன்தான். எழுபத்தொரு கிலோ அரிசியில் ஆரம்பித்து எண்பத்து நாலு கிலோ வரை ஆனந்தகிருஷ்ணனோடு கூடவே வந்தவர். இந்த வருஷம் ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே அந்த வண்டிக்காக ஒரு சனிக்கிழமையை ஒழித்து வைத்திருந்தார். வண்டி வரவில்லை. ஓணம் வந்தது, போயிற்று. ஒரு நாள் கரமனைச் சிக்னலில் அவர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கார் வந்து நின்றது. அழகாக இறங்கி, நாலு பக்கமும் மட்டம் பிடித்து நின்றது. உள்ளே இருந்தவர் இவரைக் கவனிக்கவில்லை. இவர் சக்கர வளைவின் இடைவெளியை மட்டும் பார்த்தார். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். நூல் பிடித்த மாதிரி.

அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. தாசம்மாள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்காக முன்னதாகவே பஸ்ஸில் கோயிலுக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்குத்தான் ஆராதனை. ஏழரைக்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிய நேசையன், கோயில் ஒரு திசையில் இருக்க, கரமனை அக்கிரகாரத்துக்குள் திரும்பினார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. சும்மா பார்க்கத்தான்.

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. கார் நிறுத்தத் தனி இடம் கிடையாது. சிவப்புக் கார் வாசல் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி, முன்சக்கரத்தை முழுக்க ஒடித்து நின்றது. சக்கரம் ஒடிந்து நின்றால் உள்ளே இருக்கிற காயிலோவரின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியும். நேசையன் தெருவின் இரு முனையையும் பார்த்தார். குத்துக்காலிட்டார். அப்புறம் வெள்ளைச் சட்டையோடு கையை ஊன்றிப் படுத்தே விட்டார்.

வெளியே துளி சேறு இல்லை. வளையத்துக்கும் உடம்புக்கும் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. வளையம் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். சரி, வெளியே மினுக்கியிருக்கிறான். உள்ளே? வளையத்துக்கு அடியில் மறைந்திருக்கிற மரையைக் கழுவியிருக்கிறானா? அங்கேதான் எல்லாரும் ஏமாற்றுவார்கள். அதைப் பார்க்க வேண்டுமென்றால் வளையத்தைத் தளர்த்த வேண்டும். ஸ்கூட்டர் பெட்டியில் கொக்கி ஸ்பேனர் எப்போதும் இருக்கும்.

இடது முன்பக்க லாக் ரிங்கை நேசையன் ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினார். சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே மரையின் ஒவ்வொரு பள்ளத்திலும் செம்பு நிறப் பசை மெல்லிசாக, சீராகத் தடவியிருந்தது. துருவே அண்டாத விலையுயர்ந்த பசை. நேசையன் சாதாரணக் கிரீஸ்தான் போடுவார். விரலால் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாகத் தன் கையால்கூட வராது என்று தோன்றியது. தோன்றியதே அவருக்குப் பொறுக்கவில்லை.

"யாரது? நேசையனா? கீழே கெடந்துண்டு என்ன தேடறேள்?"

ஆனந்தகிருஷ்ணனின் அம்மா சாவித்ரி. ஏ.ஜி. ஆபீஸ் தணிக்கையில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். நேசையன் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"சாவி விழுந்துபோச்சு அம்மா. ஸ்கூட்டர் சாவி."

"அடடா. இருங்கோ, நானும் பாக்கறேன்" என்று அந்த அம்மாள் படியிறங்கி வந்துவிட்டார். அவர் பக்கத்தில் நிற்கும்போது ஸ்பேனரை எடுப்பது எப்படி? இல்லாத சாவியை இரண்டு பேருமாகத் தேடினார்கள். கடைசியில் நேசையன் தன் சட்டைப் பையிலிருந்தே அதைக் கண்டுபிடித்தார். "வயசாச்சோல்லியோ, எனக்கும் இப்படித்தான்" என்று சிரித்து, காபி குடிக்காமல் போகக் கூடாது என்று கையோடு உள்ளே கூட்டிப்போனார்.

காபி வந்தது. தலை துவட்டியபடி ஆனந்தகிருஷ்ணனும் வந்தார். நேசையனைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம்.

"நேசையன், உங்ககிட்ட நானே சொல்லணும்னுதான் இருந்தேன். ஆபீஸ்ல எல்லாரும் அங்கேதான் போறா. ஒரு தடவை என்னதான் பண்றார்னு பாக்கலாமேன்னு போனேன். வேற ஒண்ணும் இல்லை, கேட்டேளா."

"அதுக்கென்ன சார்."

"ஆனா ஒண்ணு சொல்லணும். நன்னாப் பண்ணியிருக்கார். குழியில விழுந்தாத் தெரியவே இல்லை. இன்னிக்கு மீராவையும் பொண்ணுகளையும் கூட்டிண்டு பொன்முடி போறேன். அந்த இருபத்திரண்டு வளைவுலயும் ஓட்டிப் பாத்துடணும்."

நன்னாப் பண்ணியிருக்கார். ஒன்பது வருஷத்தில் தனக்கு இந்த இரண்டு சொல் கிடைத்ததுண்டா என்று நேசையன் யோசித்துப் பார்த்தார். 'எத்தனை ஆச்சு நேசையன்' கிடைத்திருக்கிறது. 'சீக்கிரம் முடிச்சிடுங்கோ' கிடைத்திருக்கிறது. டம்ளரை வைத்துவிட்டு, ஆராதனைக்கு நேரமாச்சு என்று எழுந்தார். தெருவில் அந்தக் காரைத் தாண்டித்தான் ஸ்கூட்டரை எடுத்தார். அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம்.

கோயிலில் பிரசங்கம் பாதி ஆகியிருக்கும். நேசையன் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. அந்தச் செம்புப் பசையையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த வலது கை தன்பாட்டில் வளையத்தைத் தளர்த்துவது போல் திரும்பியது. தளர்த்தியது, சரி. பசையைத் தொட்டது, சரி. அப்புறம்? கை நின்றுவிட்டது. விரல்களுக்கு அதற்குமேல் நினைவில்லை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் வளையம் இறுக்கிய விரல்கள், இறுக்கியிருந்தால் சொல்லியிருக்கும்.

இறுக்கவில்லை.

கூட்டத்துக்கு நடுவே எழுந்து வெளியே வந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து தாசம்மாள் பார்த்தாள். அவளும் பின்னாலேயே வந்தாள். "ஆராதனை முடியல்ல, எங்க ஓடுதிய? மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள். கையால் அவளைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். மணி பத்தாகப் போகிறது. கல்லாறு தாண்டினால் மலை ஏற்றம். போன் அடித்தது, அடித்தது, ஆனந்தகிருஷ்ணன் எடுத்தார்.

"சாரே, எங்க இருக்கிய?"

"விதுரா வந்தாச்சு. என்ன நேசையன்?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. நான் காலையில் உங்கள் வண்டியைத் தொட்டேன், வளையத்தைத் தளர்த்தினேன், இறுக்க மறந்துவிட்டேன். அந்த வரி நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வரியும் வந்து நின்றது. முந்திக்கொண்டு வெளியே வந்தது இரண்டாவதுதான்.

"காலையில சாவி தேடும்போ பாத்தேன் சார். ஸ்ரீஜித்துக்க வேலையில எனக்கொரு சந்தேகம். முன்னால எடது பக்கம் லாக் ரிங்கு லூசாட்டு இருந்த மாதிரி தோணிச்சு. காபி குடிக்கும்போ சொல்லாம விட்டுட்டேன்."

"ஐயோ! நெடுமங்காடு தாண்டினதுலேருந்து டக் டக்குனு ஒரு சத்தம் கேக்கறது. மீராகூடச் சொன்னா."

"மலையில ஏறப்படாது. பையப் போயி கல்லாறுல நிறுத்துங்க. நான் வாறேன். வேற ஆரையும் தொட விடண்டாம்."

போனை வைத்தார். தாசம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஸ்ரீஜித்து வேலைய நீங்க எப்பப் பாத்திய?" என்று கேட்டாள். அவர் ஸ்கூட்டரை உதைத்தார்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர். பேரூர்க்கடை வரை பயம் மட்டும்தான் இருந்தது. நாலு பேருக்கு ஒன்றும் ஆகக்கூடாது, ஆண்டவரே, ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார். வண்டி நின்றிருக்கும், இனிப் பயமில்லை என்று நெடுமங்காட்டில் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் மற்றதும் வந்தது. யாரும் பார்ப்பதற்குள் வளையத்தை இறுக்கிவிடலாம். ஆனந்தகிருஷ்ணன் கையைப் பிடித்துக்கொள்வார். திங்கட்கிழமை டெக்னோபார்க் முழுக்கக் கதை பரவும். கண்ணாடித் தரையும் எடைமேடையும் வைத்திருந்து என்ன பிரயோஜனம், ஒரு வளையத்தை இறுக்கத் தெரியவில்லையே என்பார்கள். அதை நினைக்க இனித்தது. சீ என்று ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம் இனிக்கத்தான் செய்தது. அதை மறைத்து என்ன?

கல்லாற்றில் ஆற்றங்கரைக் கடைகளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கார் ஜாக்கி மேல் நின்றது. கொஞ்சம் தள்ளி ஆனந்தகிருஷ்ணனின் மனைவி மீராவும் இரண்டு மகள்களும் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஸ்ரீஜித்தின் பைக்.

ஆனந்தகிருஷ்ணன் அவனையும் கூப்பிட்டிருக்கிறார். கோபமாகத்தான் கூப்பிட்டிருப்பார். நெடுமங்காட்டு வீட்டிலிருந்து கட்டிய வேட்டியோடு ஓடி வந்திருக்கிறான். பாதித் தூரம்தான் அவனுக்கு, முந்திவிட்டான்.

ஸ்ரீஜித் வெளியே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. நேசையனைப் பார்த்தான், ஆனால் முதலில் ஆனந்தகிருஷ்ணனிடம்தான் போனான். கோயம்புத்தூர்த் தமிழும் மலையாளமும் கலந்து பேசினான்.

"சார், ரிங் ஒண்ணர சுத்து லூஸாயிருக்கு. நான் இறுக்கினேன், மார்க் போட்டேன், அதெல்லாம் எனக்கு ஓர்மை உண்டு. ஆனா இப்போ லூஸாயிருக்கே. அப்போ என்டெ தெற்று தான் சார். வேற ஆரையும் குற்றம் பறைய முடியாது. மரைக்கு ஒண்ணும் ஆகலை, நேரத்துக்கு நிறுத்திட்டீங்க. என்னை மன்னிச்சிடணும்."

பிறகு நேசையனிடம் வந்து அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். "அண்ணன் பாத்ததுனால நாலு உயிர். அண்ணனை நான் மறக்கமாட்டேன்."

"நேசையன்" என்றார் ஆனந்தகிருஷ்ணன். "உங்களை விட்டுட்டுப் போனது என் புத்திகெட்டதனம். இனிமே இந்த வண்டியை வேற யாரும் தொட வேண்டாம்."

கேட்க நினைத்ததெல்லாம் ஒன்று விடாமல் கிடைத்துவிட்டது. நேசையன் நின்றார். வாடிக்கைக்காரர் எதிரில், அவர் மனைவி மக்கள் எதிரில், டீக்கடைக்காரன் எதிரில், என் தப்பு என்று ஒருவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். செய்யாத தப்பை. செய்த தப்பை வைத்துக்கொண்டு தான் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்தும் வாய் திறக்கவில்லை. அவனுடைய தரையைப் பார்த்து எரிந்தது, எடைமேடையைப் பார்த்து எரிந்தது, செம்புப் பசையைப் பார்த்து எரிந்தது எல்லாம் பிள்ளை விளையாட்டு. இப்போது பிடித்ததுதான் தீ. இவனைப் போல் ஒரு தடவையாவது இருக்கமுடியாதா என்று ஏங்கினார்.

கையை உருவிக்கொண்டார்.

"அது அவன் இல்ல சார். நான்."

யாருக்கும் புரியவில்லை.

"காலையில சாவி ஒண்ணும் விழல்ல. இவனுக்க வேலையில குத்தம் பாக்கதுக்காட்டு நான்தான் ரிங்கைத் தளத்தினேன். அம்மா வந்தாங்க. எழும்பிட்டேன். பொறவு இறுக்காம மறந்து போயிட்டேன். இவன் ஒழுங்காட்டுதான் செய்திருந்தான்."

ஆற்றில் குளிக்கிறவர்களின் கூச்சல் கேட்டது. ஆனந்தகிருஷ்ணன் மெல்லக் கேட்டார்.

"போன்ல அவர் வேலைன்னுன்னா சொன்னேள்?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

"பொறாமை சார். வேற ஒண்ணும் இல்ல."

அந்தச் சொல்லை அவர் தன்னைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஆகவில்லை. மீரா பெண்களை எழுப்பிக் கைபிடித்து ஆற்றுப் பக்கம் கூட்டிப் போனாள். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஸ்பேனர் தரையில் கிடந்தது. நேசையன் அதை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தினார். இறுக்க வேண்டியது அவர் கடன்.

"வேண்டாம்" என்றார் ஆனந்தகிருஷ்ணன். சத்தம் போடவில்லை. "நீங்க தொட வேண்டாம் நேசையன். அவரே பண்ணட்டும்."

நேசையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றார். ஸ்ரீஜித் அடியில் போனான். மரையைத் துணியால் துடைத்தான். வளையத்தைக் கையால் கடைசிவரை ஓட்டி, ஸ்பேனர் போட்டு இரண்டு இழுப்பு இழுத்தான். மற்ற மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்தான். ஜாக்கியை இறக்கி, ஸ்பிரிங் படிய வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்தான். அப்புறம் ஆனந்தகிருஷ்ணனை ஏற்றிக்கொண்டு முதல் வளைவு வரை தானே ஓட்டிப் போய்த் திரும்பினான். சத்தம் இல்லை.

"இனி மேல போகலாம் சார். பேடிக்கண்டா, பயப்பட ஒண்ணும் இல்லை."

குடும்பம் ஏறிக்கொண்டது. கார் மலைப் பக்கம் திரும்பி மரங்களுக்குள் மறைந்தது. ஆனந்தகிருஷ்ணன் ஸ்ரீஜித்துக்குக் கையசைத்தார்.

ஸ்ரீஜித் சாமான்களைத் துடைத்துப் பையில் போட்டுக் கட்டினான். நேசையன் அவனருகே போனார்.

"நீ எனக்கு ஒரு தெற்றும் செய்யல்ல. நான்தான் செய்தேன். மன்னிச்சிரு."

ஸ்ரீஜித் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, சார் போன் பண்ணப்போ நான் தோசை தின்னோண்டு இருந்தேன். என்டெ மகளும் பக்கத்துல இருந்தா. அங்கேயிருந்து இங்க வர்ற வரைக்கும் நாலு பேரைக் கொன்னுட்டேன்னு நினைச்சோண்டு வந்தேன். ரெண்டு குட்டிகள். வழி முழுக்க அந்தக் குட்டிகள் மாத்திரம்தான் கண்ணுல. அது அண்ணனுக்கு அறியாமோ?"

ஸ்ரீஜித் பையின் வாரை ஒரு தடவை இழுத்து இறுக்கினான்.

"மன்னிக்கணும்னு பறஞ்சா மன்னிக்கணும்தான். எனக்கு இப்போ முடியாது அண்ணா."

அப்போதும் அண்ணா என்றுதான் சொன்னான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். நெடுமங்காட்டுப் பக்கம் திரும்பிப் போனான்.